பலகைக்கு அந்தப் பக்கம்

புதுக் காகிதக் கூம்பைப் பொருத்திய பிறகும் பலகைத் தடுப்பை ஒட்டி நின்ற வலப்பக்க ஸ்பீக்கர் தட்டியது. டொக், டொக், டொக். மூச்சு வாங்குவதுபோல் ஒரு இடைவெளி. மறுபடி டொக்.

டன்லப் ஸ்ட்ரீட் மாடிவீட்டில் ஞாயிறு மதியம் ஹை-ஃபை கேட்க வருகிறவர்கள், செருப்போடு சொந்தக் கருத்தையும் வாசலிலேயே கழற்றிவிட வேண்டும். துணிக்கடை முதலாளி முகைதீன், கப்பலில் வரும் ஆங்கிலச் சஞ்சிகைகளைப் பாதி புரிந்து முழுதாக நம்பியவர். ஒலியைப் பற்றி அவருக்குத் தெரியாதது இந்தத் தீவில் வேறு யாருக்கும் தெரிந்திருக்கக் கூடாது. அப்படியொரு ஞாயிறில்தான், மூன்று மணிக்கு, பாட்டு நடுவே இந்தத் தட்டல் முதன்முதலில் கேட்டது. "உள்ளே ஏதோ தளர்ந்துபோச்சு" என்று சபைக்கு அறிவித்தார். பாட்டை நிறுத்தாமலே ஸ்பீக்கர் பெட்டியின் முதுகைத் திறந்து, திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்கிக் காட்டினார். தட்டல் மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அவர்கள் போன பிறகு, பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், உடம்பு முடியாமல் படுத்திருந்த மனைவி சம்சுன்னிசாவை எழுப்பப் போனார். தரையில் உயிரில்லாமல் கிடந்தாள். மாரடைப்பு என்றார் டாக்டர்.

மறுநாளிலிருந்து, தினமும் மூன்று மணிக்கு, ஸ்பீக்கர் தட்டியது. கம்பிச் சுருளை மாற்றினார், விளிம்பை மாற்றினார், கூம்பையும் மாற்றினார். இன்று அவளுக்கான நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து, நெய்ச்சோற்று வாசனையும் சாம்பிராணியும் பசை நெடியும் கலந்து கிடந்த கூடத்தில், மைத்துனன் ஜலாலுதீன் மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் சரியாகலையா மச்சான்? புதுசா வாங்கிடுங்க லா."

"உனக்கென்னடா தெரியும்? பழைய காந்தத்தோட கம்பீரம் புதுசுல வருமா?"

ஜலாலுதீன் தொப்பியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். "ஒண்ணு கேக்கணும் மச்சான். அக்காவைக் கடைசியாக் குளிப்பாட்டுனவங்க சொன்னாங்க. விரல் மூட்டெல்லாம் தோல் உரிஞ்சு கிடந்துச்சாம். ஏன்?"

முகைதீன் ஸ்பீக்கர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவன் படியிறங்கிப் போகும் ஓசை அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு, சோதிக்கப் போட்டிருந்த பாட்டை நிறுத்தினார். ஸ்பீக்கரின் கம்பிகளைப் பிடுங்கினார். இரண்டையும்.

டொக், டொக், டொக்.

தடுப்பிலிருந்து.

நாற்பது நாளாகத் தப்பான பொருளைப் பழுது பார்த்திருக்கிறார்.

அறைக்குள் ஓடினார். கட்டில் காலி. பலகையில் தோள் உயரத்தில் ஈரமாக ஒரு சிவப்புப் பொட்டு. டொக். அதற்குக் கீழே இன்னொன்று.

"சம்சு, வந்துட்டேன்மா. வந்துட்டேன்."

உள்ளங்கையைப் பலகையில் பதித்தார். அடுத்த தட்டல் கைக்குக் கீழே விழுந்தது. கையை இறக்கினார். அதற்கும் கீழே. இடுப்பளவு. முழங்காலளவு. மண்டியிட்டார். தரையோரம் கடைசித் தட்டல், நகம் உரசியதுபோல்.

அமைதி.

அவர் அழ வாய் திறந்தார்.

தலைக்கு மேலே, அவள் எழுந்து நின்று முதலில் தட்டிய உயரத்தில், மறுபடி டொக்.