சுமைதாங்கிச் செங்கல்

ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் கம்பத்திலிருந்து தேனிக்கு பஸ் ஏற வேண்டும் என்பது கலீல் ரஹ்மானுக்குச் சிறுவயதிலிருந்தே பெரிய குறை. வளர வளர அது பைத்தியமாக முற்றிவிட்டது. வேலை கிடைத்துத் தேனிக்கே குடிவந்த பிறகு, 2010-இல், மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு அடிபட்டது. போடி போகிற வழியிலுள்ள லெவல் கிராசிங் ஒன்றை அப்படியே சின்னதாகச் செய்து வீட்டில் வைத்துவிடுவதென்று முடிவு கட்டினான். ஊர் உலகமெல்லாம் சுவருக்கு வெள்ளையடிக்க அலையும்போது, இவன் சுவருக்கு அழுக்குத் தேடி அலைந்தான்.

ஐப்பசி மாதத்து உச்சி வேளையில் அந்த கிராசிங்கில் போய் பைக்கை நிறுத்தினான். முன்பே பழக்கமான கேட்கீப்பர் வேல்பாண்டி சாப்பிடப் போயிருந்தார். கேட் அறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்ததில் கலீலுக்கு எரிச்சல். திரும்பியவன் கண்ணில் புளியமரத்தடிச் சுமைதாங்கி பட்டது. இரண்டு செங்கல் தூண்கள், மேலே ஒரு பலகைக்கல். தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காக எந்தக் காலத்திலோ கட்டியது.

அந்தச் செங்கலின் நிறம் அவனைக் கிறங்கடித்தது. விளக்குப் புகைக் கறுப்பு, பாசிப் பச்சை, உதிர்ந்த ஓரம். எந்தப் பெயிண்டிலும் அது வராது. ஆடிக்கொண்டிருந்த ஒரு கல்லை உருவித் தோள்பைக்குள் போட்டான். பலகைக்கல் லேசாகச் சரிந்தது. விழவில்லையே என்று கிளம்பிவிட்டான்.

வீட்டில் அந்தக் கல்லை இடித்து, டீ வடிகட்டியில் சலித்து, பசையில் குழைத்தான்.

"மச்சான், இனி அந்த வடிகட்டியில ஒங்களுக்கு மட்டும் டீ போடுறேன்" என்றாள் அவன் மனைவி பாஜிலா. அவளுக்கு ஏழாம் மாதம். முன்பு இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத் தங்கியது. அவள் தும்மினால்கூட அவனுக்கு நெஞ்சு பதறும்.

தெர்மோகோலில் கோடு கிழித்த சின்னச் சுவர்கள் மீது அந்தக் குழம்பைத் தடவினான். சுவருக்கு உயிர் வந்தது. மீதியில் சுமைதாங்கியையும் சின்னதாகச் செய்தான். அன்று மாலையிலிருந்து அறையில் திரி அணைந்த வாடை. ஜன்னலைத் திறந்து வைத்தும் போகவில்லை.

மறுநாள் காலையில் படம் பிடிக்க, மாதிரியை வெளிச்சத்துக்கு நகர்த்தப் போனான்.

அது அசையவில்லை.

தெர்மோகோலும் அட்டையும்தான். ஒற்றைக் கையால் தூக்கி வைத்தது. இப்போது இரண்டு கையும் போட்டு, பல்லைக் கடித்துத் தூக்கினான். அடியில் மேஜை நடுவில் வளைந்திருந்தது.

மரம் முறுகும் சத்தம் கேட்டது.

பாஜிலாவிடம் சொல்ல பயமாக இருந்தது. சொல்லாமலே ஆபீசுக்குப் போனான். மதியம் வேல்பாண்டி போன் செய்தார்.

"பாய், சுமைதாங்கில கல்லு எடுத்தீகளா?"

"ஒண்ணே ஒண்ணுதாண்ணே."

"அது பூமாரிங்கிற பொம்பளைக்காக வச்சது. நெறமாசத்துல, புள்ள வயித்துல இருக்கையிலயே செத்துப் போனா. பெறாமப் போனவளுக்குச் செத்தாலும் சுமை எறங்காது பாய். அத எறக்கி வைக்கத்தான் அந்தக் கல்லு. ஒங்க வீட்ல யாரும் மாசமா இருக்காகளா?"

கலீல் போனைத் துண்டித்தான். பைக்கை எடுத்தான்.

பாஜிலா கொல்லை வாசலில் உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள். அவனுக்கு உயிர் வந்தது.

"இப்பத்தான் ஒரு அக்கா வந்தாக மச்சான். தலையில ஒண்ணுமில்ல, ஆனா அப்பிடி மூச்சு வாங்குது. 'கனக்குது தாயி, ஒரு கை புடிச்சு எறக்கி விடு'ன்னாக. பாவமா இருந்துச்சு. ரெண்டு கையையும் நீட்டுனேன்."

"பெறகு?"

"ஆளக் காணோம்."

அவள் உள்ளங்கைகளில் செங்கல் பொடி அப்பியிருந்தது.

அறைக்குள் ஓடி மாதிரியைப் பிடித்து இழுத்தான். பஞ்சுபோல வந்துவிட்டது. இழுத்த வேகத்தில் மல்லாந்து விழுந்தவன், அது கனக்கவில்லை என்ற சந்தோஷத்தில் அழுதேவிட்டான். அந்த வெயிலிலேயே கிராசிங்குக்குக் கொண்டுபோனான். வேல்பாண்டி மாதிரியின் சுவர்களைச் சுரண்டி, அந்தப் பொடியைச் சுண்ணாம்பில் குழைத்துப் பூசி, தூணைச் சேர்த்தார். பலகைக்கல் நேரானது. விளக்கு ஏற்றினார்.

காற்றே இல்லை. விளக்கு நிற்கவில்லை.

மறுபடியும் ஏற்றினார். அணைந்தது. கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்: "அந்தச் சுமை இங்கன இல்ல பாய்."

அவன் வீடு திரும்பியபோது பாஜிலா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வயிறு ரொம்பக் கனக்குது மச்சான்."

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அவளை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாதான் ஸ்கேன் எடுத்தார். திரையைப் பார்த்தவர் கருவியை மறுபடி வைத்துப் பார்த்தார்.

"போன மாசம் நாந்தானே பார்த்தேன்? ஒரு குழந்தைதானே?"

"ஆமா டாக்டர். ஒண்ணுன்னுதான் சொன்னீக."

"ரெண்டு இருக்கு."

"ஒண்ணு ஏழு மாசம், நல்லாயிருக்கு" என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது. "இன்னொண்ணு..."

"சொல்லுங்க டாக்டர்."

"நிறைமாசம். தலை இறங்கிடுச்சு. இப்பவே பிறந்துடும்."

பாஜிலா அவன் கையை இறுக்கினாள். அப்போது கதவுக்கு வெளியே ஒரு பெண் மெல்லத் தாலாட்டுப் பாடத் தொடங்கினாள்.

கலீல் கதவைத் திறந்தான். வராந்தாவில் யாருமில்லை.

தாலாட்டு நிற்கவில்லை.