தேயாத வாள்

கல்லின் சத்தம் மாறியிருந்தது.

வாளின் உருக்கு ஈரக் கல்லில் உராயும் சத்தம் இவாசேக்கு மனப்பாடம். ஜப்பானின் செகி ஊரில் வாள் தீட்டியே சோறு தின்பவர், தலையும் அதிலேயே நரைத்துவிட்டது. இன்று அந்தச் சத்தத்தில் ஒரு குழைவு, எலும்பில்லாத எதையோ தேய்ப்பது போல. வெளியே பனி கொட்டுவதால் காது மந்தமாகியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, வாளின் மேல் தண்ணீர் தெளித்து, வலது கை விரல்களால் அழுத்தி மறுபடி தள்ளினார்.

இந்த வாளை அடித்தவன் தொகுநாகா. பள்ளிக்கூட நாளிலிருந்து இவாசேயோடு திரிந்தவன். இன்று ஊரே தலையில் தூக்கிவைத்து ஆடும் கொல்லன். போன வாரம் துணியைப் பிரித்து அதை நீட்டும்போதே அவன் முகத்தில் அப்படியொரு பெருமிதம்.

"டேய் இவாசே, இது பெரிய கோயிலுக்குப் போகுதுடா. பாத்துப் பண்ணு. என் பேரு இருக்கு இதுல."

"எம் பேரு எங்கடா இருக்கு?"

"ஒனக்கெதுக்குடா பேரு? வாளு மின்னினாப் போதாதா?" சிரித்துக்கொண்டே தோளில் தட்டிவிட்டுப் போனான்.

தட்டிய இடம் இன்னும் எரிந்தது. பிடிக்குள் மறையும் இரும்பில் கொல்லன் தன் பெயரை வெட்டிவைப்பான். பேரன் காலத்திலும் அதைப் படித்துப் பெருமூச்சு விடுவார்கள். தீட்டுகிறவனுக்கு அதில் ஒரு புள்ளி கிடையாது. பொறாமை இவாசேயின் நெஞ்சுவரை புளித்துக்கொண்டு வந்தது. இத்தனைக்கும் நல்ல வாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ஆகவே முரட்டுக் கல்லை எடுத்தார். வாளுக்கு மேலே கெட்டியான உருக்குத் தோல், உள்ளே மெத்தென்ற இரும்பு. தோல் தீரும்வரை தேய்த்தால் உள்ளிரும்பு சாம்பல் தேமலாக எட்டிப் பார்க்கும். எந்தக் கோயிலும் வாங்காது. தோலை ஒழுங்காகப் போர்த்தவில்லை என்று பழியைக் கொல்லன் தலையிலேயே கட்டிவிடலாம்.

காலையிலிருந்து தேய்க்கிறார். தேமல் வரவில்லை. வாளின் முதுகை நெருடிப் பார்த்தார். வந்தபோது இருந்த அதே கனம். தொட்டித் தண்ணீர் மட்டும் கெட்டிப்பட்டுக்கொண்டே வந்தது. கல்சேற்றின் மண்வாசனைக்கு அடியில் மீன் கழுவிய தண்ணீரின் கவிச்சி.

"என்னங்க, சாப்பிட வாங்க, உதோன் ஆறிப்போகுது." கதவுக்கு அப்பால் மனைவி நட்சுயோ. "அப்படி என்னத்தத்தான் தேய்க்கிறீங்க?"

"சும்மா இரு. வரேன்."

முரட்டுக் கல் கீறலைத்தான் விடும். இந்த வாளோ பளபளத்தது. வெட்டுமுனையை ஒட்டி வெண்பனிப் படலம் போல ஒரு கோடு அலையலையாக எழுந்து நின்றது. ஆயுசில் அவர் கையில் இப்படி ஒன்று மின்னியதில்லை. கெடுக்கக் கெடுக்க அழகாகிறதே, பாழாய்ப்போனது! அழுத்தினார். இன்னும் அழுத்தினார்.

வலி இல்லை. வலித்திருக்க வேண்டும்.

சன்னல் வெளிச்சம் மங்கியது. தள்ளினார். இழுத்தார். சத்தத்தில் இப்போது குழைவில்லை. கரகரத்தது.

குனிந்து பார்த்தார்.

வலது கையில் சதை இல்லை. விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை எலும்பு. ஒரு சொட்டு ரத்தமில்லை. வெள்ளை வெளேரென்று, கீறலில்லாமல், கணுவுக்குக் கணு வழவழவென்று தீட்டிய எலும்பு. கடைசி வெளிச்சம் முழுவதும் அதில்தான் நின்றது.

வாளைப் பார்த்தார். கையைப் பார்த்தார். மறுபடி வாளை.

வாள் மங்கல்தான். தான் தீட்டிய இந்த எலும்பின் பக்கத்தில் தொகுநாகாவின் வாள் வெறும் மங்கல்!

இவாசேக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாளை ஒதுக்கி வைத்தார். இடது கையைக் கல்லின் மேல் விரித்தார். தண்ணீர் தெளித்தார்.

தேய்க்கத் தொடங்கினார்.