ஆட்டுமேசையில் விழுந்த வீடு

காலை 10.20. நிலநடுக்கத்தைப் போல ஆட்டிக் காட்டும் மேசை மேல் நின்ற சோதனை வீடு, பதினோராவது வினாடியில் மண்மேடானது. போன வருடம் இதே முறையில் கட்டிய வீடு நாற்பது வினாடி தாங்கியது. அதை நம்பி மலையடிவாரத்தில் அறுபது வீடு கட்டி, கூடாரங்களில் இருந்தவர்களைக் குடியேற்றிவிட்டார்கள்.

"யாரோ கை வச்சிருக்காங்க" என்று பொறியாளர் புகார் கொடுத்தார். படித்தவர் கட்டினது விழுந்தால் சதி. மற்றவன் கட்டினது விழுந்தால் அவனுக்கு வேலை தெரியாது.

11.05. பெண் இன்ஸ்பெக்டர் வந்தார். வீடு கட்டிய முறை செலவு குறைந்தது. சுவரின் இரு பக்கமும் பெட்டி கட்டும் பிளாஸ்டிக் பட்டையால் வலை. சுவரைத் துளைத்துக் கம்பி விட்டு இரண்டு வலையையும் சுவரோடு இறுக்கி முறுக்கிக் கட்டி, மேலே பூச்சு.

இடிபாட்டில் வலை துணிபோலக் கிடந்தது. ஒரு பட்டைகூட அறுந்திருக்கவில்லை. கம்பித் துண்டு ஒன்றை எடுத்தார். முனை தட்டையாக இருந்தது. அதில் ஒட்டியிருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டினார், வரவில்லை.

மேசை இயக்குபவரைக் கேட்டார். "அதிகமா ஆட்டினீங்களா?"

"அளவு பதிவாயிருக்கு மேடம். பாத்துக்குங்க."

கம்பி கட்டுபவர் முறைத்தார். "இருநூத்திப் பன்னெண்டு முடிச்சு. பொறியாளர் ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்துதான் கையெழுத்துப் போட்டார்."

பூச்சுக்காரர் சிரித்தார். "என் பூச்சுல ஒரு மேடு பள்ளம் காட்டுங்க பாப்போம். போன வருசம் வேற ஆளு பூசினான், சுவர் பூரா அம்மைத் தழும்பு. மலையடிவாரத்துல எம் பொண்ணு வீட்டப் பாருங்க, கண்ணாடி."

12.30.

"ஆட்டத்துல அறுந்த கம்பின்னா முனை இழுபட்டு மெலிஞ்சிருக்கும்" என்றார் இன்ஸ்பெக்டர். "இது கட்டர் கடிச்ச முனை. வெட்டின முகத்துல சிமெண்ட் இறுகியிருக்கு. அப்ப வெட்டினது பூச்சுக்கு முன்னாடி. முடிச்சு சரிபாத்த பிறகு சுவர் உங்க ஒருத்தர் கையிலதான் இருந்துச்சு, அண்ணே."

பூச்சுக்காரர் ஒத்துக்கொண்டார்.

"முடிச்சு நீட்டிக்கிட்டு நிக்குது. பூசுற கரணை ஓட மாட்டேங்குது. அதான் வலை இருக்கே, பத்தாதான்னு நெனச்சேன்."

"அந்த அறுபது வீடும் யாரு பூசினது?"

"நான்தான். எதுல எத்தன வெட்டினேன்னு ஞாபகம் இல்ல." குரல் இறங்கியது. "பொண்ணு வீட்டுல மட்டும் ஒண்ணு விடாம வெட்டினேன். பேத்தி தவழுறா. கையக் கிழிச்சிடக் கூடாதுன்னு."

பொறியாளர் மேலிடத்துக்குப் பேசிவிட்டு வந்தார். அறுபது வீட்டிலும் பூச்சை உடைத்துக் கம்பியை மறுபடி கட்ட உத்தரவு வேண்டுமாம். உத்தரவுக்கு மறுசோதனை வேண்டுமாம். மறுசோதனைக்கு இரண்டு மாதமாம். நிலம் அதுவரை காத்திருக்கும் என்று எவன் சொன்னானோ.

பூச்சுக்காரர் மகளைப் போனில் கூப்பிட்டார். "குழந்தையத் தூக்கிக்கிட்டு வெளிய வந்துடும்மா. பழைய கூடாரத்துக்கே போயிடு."

அவள் சிரித்தது பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"இங்க மழை கொட்டுதுப்பா. நீ பூசின வீட்ட விட்டுட்டுக் கூடாரத்துக்கு ஏன் போகணும்?"