செவியாட்கள் கேட்ட பாட்டு

மாலைக் காட்சிக்கு அரங்கு நிரம்பிவிட்டது. செவியாட்கள் வாசலில் செவ்வாய்க் கிரகத்துப் புழுதியைத் தட்டிவிட்டு, தத்தம் வீட்டார் வாங்கிய இருக்கைகளில் ஏறி உட்கார்ந்தன. இடுப்புயர இயந்திரங்கள் அவை. கச்சேரி, கல்யாணம், பள்ளி ஆண்டுவிழா எதுவானாலும் மனிதர்களுக்குப் பதிலாகப் போய்ப் பார்த்து, கேட்டு, சேமித்துக்கொண்டு வரும். கைதட்டவும் தெரியும். குடியேற்ற நகரத்தில் யாருக்குத்தான் நேரம் இருக்கிறது?

மேடையின் இடது ஓரத்தில், விளக்கு எட்டாத இடத்தில், அமலதாஸ் கிதாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். 'செம்புழுதி' ராக் குழுவில் எத்தனையோ வருடங்களாக அவருக்கு அதே இடம். பாட்டுகளை எழுதுவது அவர். முன்னால் நின்று பாடிப் பெயர் வாங்குவது கீர்த்திவாசன். அதற்காக வருத்தப்படும் கட்டத்தைக்கூட அமலதாஸ் தாண்டிவிட்டார். இப்போது முழங்கால் வலிதான் பெரிதாகத் தெரிந்தது.

குழுவின் மேலாளர் நஸ்ரீன் அருகில் வந்தாள்.

"கீர்த்திக்குத் தொண்டை கட்டிடுச்சுண்ணே. கடைசிப் பாட்டு வரைக்கும் தாங்காது. அத நீங்களே பாடிடுங்க."

"நானா?"

"எழுதினவரு நீங்கதானே. வேற யாரு இருக்கா?"

அந்தப் பாட்டு மனைவி ஜெசிந்தாவுக்காக எழுதியது. சுரங்கம் சரிந்து அவள் உள்ளே சிக்கியிருந்தபோது, வெளியே காத்திருந்து எழுதியது. அவர் குரலில் அவள் அதைக் கேட்டதே இல்லை. உடனே அவளை அழைத்தார்.

"இன்னைக்கு நீயே வா ஜெசி. செவியாள அனுப்பாத."

"வந்துடறேங்க. வேலை முடிஞ்சதும் நேரா அங்கதான்."

பாடினார். முதல் வரியில் குரல் நடுங்கியது. பிறகு தானாகவே நிமிர்ந்துகொண்டது. விளக்கொளியில் கண் கூசியது. அவள் இருப்பாள் என்ற நினைப்பில், இருட்டைப் பார்த்தே பாடி முடித்தார். கைதட்டல் ஒரே நொடியில் எழுந்து ஒரே நொடியில் நின்றது. விளக்கு மங்கியபோது ஜெசிந்தாவின் இருக்கை தெரிந்தது. அதில் அவர்கள் வீட்டுச் செவியாள் உட்கார்ந்திருந்தது.

அதையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஜெசிந்தா பணி உடையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்திருந்தாள்.

"காத்துக் குழாய் ஒண்ணு புட்டுக்கிச்சுங்க. விட்டுட்டு வர முடியல. ஞாயித்துக்கிழமை நிதானமா உக்காந்து கேக்கறேன்."

"உனக்காக எழுதின பாட்டு. மனுஷன்னு ஒருத்தர்கூட இல்லாத இடத்துல பாடிட்டு வர்றேன்."

அவள் சண்டைக்கு வரவில்லை. செவியாளின் மார்பில் இருந்த பொத்தானை அழுத்தினாள். அவளுடைய குரலே கேட்டது. போன வருடம் நகரம் அவளுக்கு எடுத்த பாராட்டு விழா.

"...உள்ள மாட்டியிருந்தப்போ, வெளிய ஒருத்தர் காத்திருக்கார்ங்கிற நெனப்புலதான் உயிரோட இருந்தேன். இதோ, முன்வரிசையில உக்காந்து கேட்டுட்டிருக்கார்..."

பதிவை நிறுத்தினாள். "அன்னைக்கு உங்களுக்குக் கச்சேரி. உங்களுக்குப் பதிலா இதத்தான் அனுப்பியிருந்தீங்க. மேடை வெளிச்சத்துல எனக்கும் தெரியல."

அமலதாஸ் அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"மொதல்லேருந்து போடு ஜெசி. முழுசா கேக்கறேன்."

போட்டாள். வரவேற்புரை முடிவதற்குள் அவருக்குக் கண் செருகியது.

"ரொம்ப அசதியா இருக்கு. ஞாயித்துக்கிழமை ரெண்டையும் சேத்துக் கேட்டுடலாமா?"

"எனக்கும் அதான் தோணுச்சு," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

செவியாள் பதிவை நிறுத்தியது. குறித்துவைத்துக்கொள்ள வேண்டுமல்லவா?

"எந்த ஞாயிற்றுக்கிழமை?" என்று கேட்டது.

ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து இருவருமே தூங்கிப்போயிருந்தார்கள்.