உறைபாய்

காலைச் சிற்றுண்டி முடிந்ததும் கப்பல் கடலின்மேல் பனியை விரித்தது. அன்றாடம் நடக்கிற வேலைதான். பின்பக்கக் கதவு திறக்கும். சுருட்டி வைத்த உறைபாய் தண்ணீரில் இறங்கும். அதற்குள் ஓடும் குளிர்குழாய்கள் கடல்நீரை உறைய வைக்கும். பயணிகள் காபி குடித்து முடிப்பதற்குள் ஒரு மைதானம் அளவுக்குப் பனித்திட்டு வெள்ளை வெளேரென்று மிதக்கும். அவர்கள் இறங்கி நடப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். வடதுருவக் கடலில் கோடைப் பனி இல்லாமல் போய் இரண்டு தலைமுறை ஆகியிருந்தது.

பனி மட்டும் போதாது, அதன் சத்தமும் வேண்டும் என்று பயணிகள் கேட்டதால் கப்பலுக்கு அடியில் ஒலிபெருக்கிகள் பொருத்தியிருந்தார்கள். பாளங்கள் ஒன்றோடொன்று உரசி முனகும் பழைய ஒலிப்பதிவு நாள் முழுக்கக் கடலுக்குள் ஒலித்துக்கொண்டிருக்கும்.

உறைபாய்க்குப் பொறுப்பு பெர்னதெத். தூத்துக்குடிக்காரி. அன்று மூடுபனி கவிந்திருந்தது. பாயின் ஓர் ஓரம் கனம் தாங்காமல் தாழ்வதைத் திரையில் பார்த்தாள். அந்தப் பக்கம் பயணிகள் யாரும் இல்லை. வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். மூடுபனிக்குள்ளிருந்து பெருமூச்சுகள் கேட்டன. ஒன்றல்ல, நூறு.

பிறகு தலைகள் தெரிந்தன. மீசையும் நீண்ட இரட்டைத் தந்தமுமாக வால்ரஸ்கள். சத்தமே போடாமல் திட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தன.

“இதுங்க எங்கருந்து வருது, நிவி?” என்றாள்.

நிவி கிரீன்லாந்துக்காரி, கப்பலின் வழிகாட்டி. பனி போனபின் அலை கரையைத் தின்று, அவளுடைய ஊரே இடம்பெயர்ந்திருந்தது. பெர்னதெத்தின் காதுக்கருவி அவள் பேச்சைத் தமிழாக்கியது.

“நாம்தான் கூப்பிட்டோம். அந்தப் பனிச் சத்தத்தைக் கேட்டு, இங்கே பனி இருக்கிறது என்று வந்திருக்கின்றன. எத்தனை நாளாக நீந்துகின்றனவோ! ஓய்வெடுக்க அவற்றுக்கு வேறு இடம் இல்லை.”

முதல் வால்ரஸ் தந்தத்தை ஊன்றி மேலே ஏறியது. பயணிகள் அலறிக்கொண்டு கப்பலுக்கு ஓடினார்கள். ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் ஏறின. கடைசியாக ஒரு தாய், குட்டியை மூக்கால் நெட்டித் தள்ளி ஏற்றிவிட்டுத் தானும் ஏறிப் பக்கத்தில் சாய்ந்தது. ஏறியவை அப்படியே தூங்கிப்போயின.

பயணிகள் நல மேலாளர் வைத்தீஸ்வரன் வியர்க்க விறுவிறுக்க வந்தார். “பெர்னதெத், குளிரை நிறுத்தும்மா. பனி உருகினா தானா இறங்கிடும். ‘அது எங்க இடம், மிருகத்தை எப்படி ஏத்தினீங்க’ன்னு எல்லாரும் என்னைப் பிடுங்கறாங்க.”

“குட்டி கெடக்கு சார். திரும்பத் தண்ணில தள்ளுனா செத்துரும்.”

“அதுக்கு நான் என்னம்மா செய்ய முடியும்?”

பெர்னதெத் பின்பக்கக் கதவுக்குப் போனாள். பாயின் மேல்தோல் வெயிலிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். கப்பல் இல்லாமலும் கோடை முழுக்க உறைந்து கிடக்கும். அதைக் கப்பலோடு பிணைத்திருந்த கொக்கியைக் கழற்றிவிட்டாள். தூங்கும் உடல்களோடு திட்டு மெல்ல விலகி மூடுபனிக்குள் மறைந்தது. மூச்சுச் சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்டது. வேலை போய்விடும் என்று தெரிந்தும் அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

வேலை போகவில்லை. பயணிகள் எடுத்த படங்கள் உலகம் முழுக்கப் பரவியிருந்தன. குட்டிக்குப் பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். நிறுவனம் பெர்னதெத்துக்குப் பதவி உயர்வு கொடுத்தது. ‘கடைசிப் பனி தரிசனம்’ என்று புதிய பயணத்தை அறிவித்து, அதற்கு அவளையே தலைமையேற்க அனுப்பியது. அந்தக் கோடை முடிவதற்குள், மிதந்து போன திட்டைத் தேடித் திரும்பிப் போனாள்.

அங்கே ஏற்கெனவே வேறு நிறுவனங்களின் கப்பல்கள் திட்டைச் சுற்றி வளைத்து நின்றன. எஞ்சின்களின் வெந்நீர் ஆவியாய் எழுந்துகொண்டிருந்தது. வால்ரஸ்கள் தலை தூக்கி நாலா பக்கமும் பார்த்தன.

பெர்னதெத் வானொலியில் கெஞ்சினாள். “கொஞ்சம் தள்ளிப் போங்க, பயப்படுதுங்க.”

“நீங்க போங்க, நாங்களும் போறோம்,” என்றது வேறொரு கப்பலிலிருந்து ஒரு குரல்.

யாரும் நகரவில்லை. முதலில் ஒன்று தண்ணீரில் சரிந்தது. பிறகு எல்லாமே. தாய் குட்டியைக் கடைசியாகத் தள்ளிக்கொண்டு இறங்கியது. கடலில் ஒரு சலனமும் இல்லை. மீண்டும் மேலே வரும் என்று பெர்னதெத் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள். எதுவும் வரவில்லை.

காலியான பனியில் படகுகள் பயணிகளை இறக்கின. ஒரு பெண்மணி பெர்னதெத்திடம் வந்து கையைப் பற்றிக்கொண்டாள். அந்தப் பெண்மணியின் கண்கள் கலங்கியிருந்தன.

“ரொம்ப நன்றிம்மா. நல்லவேளை, நாங்க இப்பவே வந்துட்டோம். இனிமே கூட்டம் வந்து எல்லாத்தையும் கெடுத்துடுவாங்க.”