புரட்டிப் போட்ட கதவு

மார்ச் 14, செவ்வாய். மதியம் 1.52. கப்பல் கட்டும் தளம், மூன்றாவது கூடம். அறுபத்திரண்டு மீட்டர் சொகுசுப் படகின் மேல்தளத்தில் ஒரு தச்சர் இறந்து கிடந்தார்.

படகின் உள்ளமைப்பை வரைந்தவள் அவருடைய மனைவி.

நாலு மணிக்கு உடலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வரைபடக்காரி மட்டும் போகவில்லை. முதலாளியின் படுக்கையறைச் சுவரில் சாய்ந்து, மடித்த வரைபடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"மேடம், இந்தச் சுவர்ல கதவு எங்கே?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தெரியக் கூடாதுங்கறதுதான் சார் உத்தரவு. வேலை செய்யறவங்க விருந்தாளி கண்ணுல படவே கூடாதாம். அதனால சுவருக்குள்ளயே தனி வழி. கதவுக்குப் பிடி கிடையாது. பட்டனை அமுக்கினாத் திறக்கும்."

"உள்ளே இருந்து?"

அவள் வரைபடத்தை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

தம்பி சொன்னான். அவளுடைய தம்பி. சுவர்களுக்குள் தீத்தடுப்புப் பஞ்சு அடைக்கும் வேலைக்கு மேற்பார்வையாளன். உடலை முதலில் பார்த்தவனும் அவன்தான்.

"சார், அக்கா இடப்பக்க வழியை வரைஞ்சுட்டு, வலப்பக்கத்துக்கு அதையே கம்ப்யூட்டர்ல புரட்டிப் போட்டுட்டா. ஆனா வலப்பக்கம் ஒரு துணி அலமாரி இருக்கு. பட்டன் அதுக்குப் பின்னாடி போயிடுச்சு. கை எட்டாது. மாமா உள்ள பசை தடவிட்டு இருந்திருக்காரு. கதவு சாத்திக்கிச்சு. பசை நெடி..."

"ஃபேன்?"

"ஸ்விட்ச் வெளியே. சாப்பாட்டுச் சங்கு ஊதினா எல்லாத்தையும் அணைச்சுட்டுப் போறது வழக்கம் சார்."

"தட்டியிருப்பாரே!"

"கூடமே காலி. யாருக்குக் கேக்கும்?"

இன்ஸ்பெக்டர் நோட்டில் எழுதினார். பேனா நகரும் சத்தம் அவள் நெஞ்சில் கீறியது.

ஒரு க்ளிக்... ஒரே ஒரு க்ளிக்! பதினொரு வருஷம் ஒரே தலையணையில் படுத்த மனுஷனை மவுஸால் கொன்றிருக்கிறாள்!

"அழாதக்கா. தப்புதானே? கொலை இல்லையே!" தம்பி அவள் தோளைத் தொட்டான்.

அவள் விலகிப் பட்டனை அமுக்கி, சுவர் வழிக்குள்ளே நுழைந்தாள்.

"சார், கதவைச் சாத்துங்க."

"மேடம், வேணாம்..."

"அவர் கடைசியாப் பாத்ததை நான் பாக்கணும்."

கதவு மூடியது.

எழுபத்தைந்து சென்டிமீட்டர் அகலம். அவள் போட்ட அளவு. இருட்டு. பசை நெடி இன்னும் மிச்சமிருந்தது. அதற்கு அடியில் அவர் சட்டை வாசனை.

சுவரைத் தடவிக்கொண்டே ஓரடி எடுத்து வைத்தாள்.

முழங்கால் பலகையில் இடித்தது.

டிக்!

கதவு திறந்துகொண்டது!

வெளியே இரண்டு ஆண்கள் திகைத்து நின்றார்கள்.

"எப்படித் திறந்தீங்க?" இன்ஸ்பெக்டர் டார்ச்சை அடித்தார்.

தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் சின்ன பித்தளைப் பட்டன். வரைபடத்தில் இல்லாத பட்டன்! அதற்குப் பக்கத்தில், மரத்தில், பென்சில் எழுத்து. தச்சரின் கோணல் கையெழுத்து.

'13-3. ஸ்கேலு, பட்டன் அலமாரிக்குப் பின்னாடி மாட்டிக்குது. இங்க மாத்திட்டேன். ஆபீஸ்ல யாருக்கும் சொல்லல. உன் முழங்காலுக்கு நேரா வெச்சிருக்கேன். எப்படியும் நீ இடிச்சுப்ப.'

ஸ்கேலும் கையுமாக இருப்பவள் என்று அவளை அவர் 'ஸ்கேலு' என்றுதான் கூப்பிடுவார். வீட்டு மேஜையில் அவள் தினமும் இடித்துக்கொள்வாள். "நம்ம வீட்டு மேஜையைச் சுத்திப் போகத் தெரியல, இவ கப்பலுக்கு வழி போடறா!" என்று தினமும் சிரிப்பார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் அழுகை கசிந்தது.

பிறகு மெல்ல நிமிர்ந்தாள்.

"டேய். நீ பாத்தப்போ மாமா கை எங்க இருந்துச்சு?"

"அங்கதான்க்கா. அலமாரிக்குப் பின்னாடி. பட்டனைத் தேடிக்கிட்டு..."

"சார், அங்க டார்ச் அடிங்க."

அலமாரியின் பின்னால் வழவழப்பான மரம். பட்டன் இல்லை. பட்டனுக்கான துளைகூட இல்லை.

"நேத்து தன் கையால மாத்தின பட்டனை, இன்னைக்குப் பழைய எடத்துலயாடா தேடுவாரு?"

"பயத்துல... புத்தி தடுமாறி..."

"பயந்தா நீ வரைபடத்தைப் பாப்ப. அவரு மரத்தைத்தான் பாப்பாரு. அந்தக் கையை அங்க கொண்டுபோய் வெச்சது வரைபடத்தைப் பாத்தவன்!"

இன்ஸ்பெக்டர் கதவின் வெளிப்புறம் குனிந்தார். புது வார்னிஷில், கதவின் அடியில் ஓர் அழுத்தத் தடம். வெறும் கீறல் என்று முதலில் விட்டிருந்தார். ஆப்பு செருகிய தடம்!

"மேடம், வரைபடத்துல தப்பு இருக்குன்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"அவரு தானாக் கண்டுபிடிச்சிருக்காரு. எனக்கு ஞாயித்துக்கிழமைதான் தெரிஞ்சுது. வெட்கமா இருந்துச்சு. ஒரே ஒருத்தன்கிட்டதான் சொன்னேன். யாருக்கும் சொல்லாதடான்னு கெஞ்சினேன்."

தம்பி சுவரைப் பார்த்தான்.

இன்ஸ்பெக்டரும் அதே சுவரைப் பார்த்தார். ஒரு பலகையின் திருகுகள் பாதி கழன்றிருந்தன. கழற்றினார். உள்ளே தீத்தடுப்புப் பஞ்சு இல்லை. மெத்தைக்குப் போடும் ஸ்பாஞ்சு! ஒரு துண்டைப் பிய்த்து வெளியே எடுத்துப்போய் லைட்டரைக் காட்டினார். குப்பென்று பற்றியது.

"மாமா பாத்துட்டாருக்கா..." தம்பியின் குரல் உடைந்தது. "ஒரு வாரம் பொறு, மாத்திடறேன்னேன். இன்னைக்கே சொல்லியாகணும்னாரு. முப்பது பேர் தூங்கப் போற கப்பல்டான்னாரு."

"அவரு என் தப்பை மூடி மறைச்சாருடா! உன்னோடது மட்டும்தான் மறைக்க முடியாத தப்பு."

"அக்கா..."

"அப்படிக் கூப்பிடாத."

மாலை 6.10-க்கு அவனைக் கைது செய்தார்கள்.

வரைபடக்காரி அலுவலகத்துக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். வரைபடத்தின் மூலையிலிருக்கும் திருத்தக் கட்டத்தை நிரப்பினாள். திருத்தம் எண்: 7. விவரம்: வலப்பக்கப் பட்டன் இடமாற்றம். செய்தவர்: தச்சர்.

'காரணம்' என்ற கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை.

முழங்கால்.