குலுங்கிய பெட்டி

காலை 10.40. குயின் ஸ்ட்ரீட் பழம்பொருள் கடையின் பின்னறையில் அஸ்லான் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. ஓர் அடி அல்ல, நாலைந்து அடி. கனத்த இரும்பு டேப் ஸ்டாண்டு ரத்தத்தில் கிடந்தது. பபுள் ரேப் சுருள் பாதி சிவந்திருந்தது. இருபது வருடமாக ஒரு பீங்கான்கூட உடையாமல் பார்சல் கட்டி ஊர் உலகமெல்லாம் அனுப்பி வைத்த மனுஷனை இப்படியா அடித்து உடைப்பது? பாவி!

முதலில் பார்த்தவள் தனலெட்சுமி, அவருக்கு உதவியாக வேலை செய்பவள். பதறிப்போய் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதுதான் வினையாகிவிட்டது. போலீஸ் வந்தபோது அவள் உடம்பெல்லாம் ரத்தம்.

11.15. இன்ஸ்பெக்டர் ஷாஹிரா வந்து சேர்ந்தார். முன்பக்கம் வியாபாரத்தைப் பார்க்கும் பங்குதாரர் சதாம், கேட்பதற்கு முன்பே சொல்ல ஆரம்பித்தார். பத்தரை மணிக்குத் தன் கண்ணெதிரே அஸ்லான், சீன-மலாய் நோன்யா குடும்பத்து நூறு வருடப் பீங்கான் ஜாடி ஒன்றைக் கட்டி டேப் ஒட்டினாராம். மெல்பர்ன் பார்சல். பிறகு சதாம் அதைக் கூரியர் வேனில் ஏற்றிவிட்டு எதிரே காப்பி குடிக்கப் போனாராம். அதற்குப் பிறகு உள்ளே போனது தனலெட்சுமி ஒருத்திதான்.

எதிர்க்கடை கேமராவும் ஒத்துப்போனது. ஒன்பது மணியிலிருந்து கடைக்குள் அஸ்லானும் சதாமும் மட்டும். 10.32க்குப் பெட்டி வேனில் ஏறுகிறது. 10.38க்குத் தனலெட்சுமி நுழைகிறாள். பின்வாசல் கிடையாது.

சார்ஜென்ட் அவளுக்குப் பூட்டக் கைவிலங்கை வெளியே எடுத்துவிட்டார். தனலெட்சுமிக்குப் புருஷன் இல்லை. ஒரே மகள், ஒரு மணிக்குப் பள்ளி விடும், கூட்டி வர வேறு ஆளில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதாள்.

ஷாஹிரா சார்ஜென்டைப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அஸ்லான் எப்படி வேலை செய்வார் என்று கேட்டார். விசித்திரமான கேள்விதான். தனலெட்சுமி விம்மலுக்கிடையே சொன்னாள்: ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகச் சுற்றுவார், ஜாடியின் வயிற்றுக்குள் காகிதம் திணிப்பார், ஒட்டியதும் காதோரம் வைத்துக் குலுக்குவார்.

"சத்தம் வந்தா திரும்பப் பிரிப்பாரு மேடம். மூணு வாட்டி பிரிச்ச நாளும் இருக்கு."

ஷாஹிரா வேனைத் திருப்பி வரவழைத்தார். சதாமுக்கு அது பிடிக்கவில்லை.

"வாங்குறவரு காத்துக்கிட்டு இருக்காரு லா. அந்தப் பார்சல்ல என்னா இருக்கப் போவுது?"

12.20. பெட்டி வந்தது. வெளியே ஒரு கறை இல்லை. ஷாஹிரா அதைத் தூக்கிக் காதோரம் குலுக்கினார்.

கடக்.

தனலெட்சுமியின் அழுகை நின்றது. "இது அண்ணே கட்டுனது இல்ல."

கையுறை போட்டுப் பிரித்தார்கள். ஜாடியின் மேல் மூடி. இரண்டையும் ஒரே சுற்றாகச் சுற்றியிருந்தது. வயிறு காலி. பபுள் ரேப்பின் உள்மடிப்பில், காய்ந்த ரத்தத்தில், ஒரு பெருவிரல் ரேகை.

"அலமாரியில அடுக்குறவங்க மூடிய மேலதான் வைப்பாங்க," என்றார் ஷாஹிரா சதாமைப் பார்த்து. "பார்சல் கட்டுறவங்க செத்தாலும் அப்படி வைக்க மாட்டாங்க. ரத்தம் டேப்புக்கு உள்ள இருக்கு. அப்போ அடி விழுந்த பிறகு கட்டுன பெட்டி. தனலெட்சுமி வர்றதுக்கு ஆறு நிமிஷம் முன்னாடியே வேன் ஏறிடுச்சு. அவரு கட்டுனத பார்த்தேன்னு சொன்னது நீங்க."

ஈரத்துணியால் ஜாடியின் அடியைத் துடைத்தார். நூறு வருடப் பழசாகக் காட்டப் பூசிய தேயிலைச் சாயம் துணியில் வந்தது. புத்தம் புது ஜாடி.

சதாம் மேசையில் கிடந்த கத்தியை எடுத்து வீசினார். சார்ஜென்டின் முன்கை முழங்கைவரை கிழிந்தது. அடுத்த வீச்சுக்குள் ஷாஹிரா சதாமின் கழுத்தைப் பிடித்து முகத்தை மேசையில் மோதினார். இரண்டு பல் தெறித்தது.

"போலிய அனுப்ப மாட்டேன்னான்," என்று ரத்தத்தோடு துப்பினார் சதாம். "வாங்குறவனுக்கே எழுதுறேன்னான். எங்க அத்தா காலத்துக் கடை, பேரு நாறிப் போயிருக்கும்."

12.50. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப ஒரு கான்ஸ்டபிள் ஜாடியின் மேல் மூடியை வைத்துச் சுற்றத் தொடங்கினார். ரத்தத்தைக் கழுவி, உடை மாற்றிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிய தனலெட்சுமி வாசலில் நின்றுவிட்டாள்.

"மூடிய தனியா சுத்துங்க தம்பி. குலுங்குச்சுன்னா அண்ணே ஏசுவாரு."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அழுதுகொண்டே பள்ளிக்கு ஓடினாள்.